நிறம் மாற்றிய கார் சீட் உரிகிறதா, ஒட்டுகிறதா, வெடிக்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் பீஜ் நிற சீட், அதைக் கறுப்பாகவோ டேன் நிறமாகவோ மாற்ற வேண்டும். இல்லையென்றால் கிழிந்துபோன சீட்டுக்குப் பதிலாகச் சென்னையின் பழைய கார் பாகச் சந்தையான புதுப்பேட்டையில் அதே மாடல் சீட் கிடைத்தது, ஆனால் நிறம் வேறு. சீட்டுக்கு நிறம் மாற்றும் வேலை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் வருகிறது. வேலை முடிந்த அன்று எல்லா சீட்டும் அழகாகத்தான் இருக்கும். கோளாறு பின்னால்தான் தலைகாட்டும். ஒரு வாரத்தில் பிசுபிசுப்பு, ஒரு மாதத்தில் ஹெட்ரெஸ்ட்டில் உரிதல், வெள்ளை வேட்டியில் கறை.

திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் ஏழெட்டுதான். அவற்றில் பாதிக்கு மேல் பூசிய நிறத்தின் குற்றமே இல்லை, அதற்கு அடியில் இருப்பதன் குற்றம். அதனால் அறிகுறி எதுவானாலும் காரணம் தெரியும்வரை மேலே இன்னொரு கோட் அடிக்காதீர்கள். கெட்டுப்போன கோட்டின் மேல் அடித்த நல்ல கோட்டும் அதோடு சேர்ந்தே உரிந்து வரும். அப்போது சுரண்ட வேண்டியது இரண்டு மடங்காகியிருக்கும்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால் இரண்டு சோதனை

சீட் எதனால் ஆனது? சீட்டின் அடியிலோ முதுகுப்பக்க ஜிப்புக்கு உள்ளேயோ பொருளின் பின்புறத்தைப் பாருங்கள். நார் நாராக, வெல்வெட் மாதிரி மெத்தென்று இருந்தால் லெதர். பின்னல் துணி ஒட்டியிருந்தால் ரெக்சின். ரெக்சினிலும் இரண்டு வகை உண்டு. பி.வி.சி. ரெக்சின் கொஞ்சம் கனமாக, ரப்பர் போன்ற இழுவையோடு இருக்கும். பி.யூ. ரெக்சின் மெல்லியது, மென்மையானது. தொட்டால் லெதர் என்றே தோன்றும், ஆனால் வயதானால் செதில் செதிலாக உதிரும். நம் ஊரில் குஷன் கடையில் தைத்துப் போட்ட கவர் என்றால் ஏறத்தாழ எல்லாமே ரெக்சின்தான். கம்பெனியிலிருந்தே வந்த 'லெதர் சீட்' என்றாலும், உட்காரும் முகப்பு மட்டும் லெதராகவும் பக்கவாட்டும் முதுகும் ரெக்சினாகவும் இருப்பது சாதாரணம். ஒரே சீட்டில் முகப்பு நன்றாக இருந்து பக்கவாட்டு மட்டும் உரிவதற்கு இந்தக் கலப்பே காரணமாக இருக்கலாம்.

மேலே பூசியது என்ன? கண்ணில் படாத மூலையில், வெள்ளைக் காடாத் துணியில் ஐசோபிரோபைல் ஆல்கஹால் நனைத்துப் பத்து முறை தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் தாராளமாக வந்தால், செருப்புக்கும் பைக்கும் போடும் ஸ்பிரிட் சாயமாக இருக்கலாம், அல்லது சரியாக இறுகாத தண்ணீர் வகைக் கோட்டிங்காக இருக்கலாம். லேசாக மட்டும் வந்தால் கோட் இறுகியிருக்கிறது. ஒன்றுமே வராமல் மேல்பரப்பும் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் டாப் கோட் (நிறத்துக்கு மேலே போடும் தெளிவான காப்புப் பூச்சு) நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டு விடையையும் குறித்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: நிறம் உரிந்து வருகிறது

எங்கே உரிகிறது, எப்படி உரிகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

### பாலாடை போல முழுசாக உரிகிறது, அடியில் பழைய நிறம் சுத்தமாகத் தெரிகிறது

புதிய கோட் பழையதன் மேல் பிடிக்கவே இல்லை. ஓரத்தில் பிளேடால் மெல்ல, கோட்டை மட்டும் வெட்டும் அளவுக்கு, குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் போடுங்கள். அதன் மேல் மாஸ்கிங் டேப்பை நகத்தால் அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் எடுங்கள். சதுரம் சதுரமாகக் கோட் டேப்போடு வந்தால் பிடிப்பு இல்லை. இதையே சீட்டில் மூன்று நான்கு இடங்களில் செய்யுங்கள், ஏனென்றால் இடத்துக்கு இடம் காரணம் மாறும்.

*ஹெட்ரெஸ்ட்டிலும் அதற்குக் கீழேயும் மட்டும் உரிகிறது.* தலைக்கு வைக்கும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வருடக்கணக்கில் ஊறிய ஹெட்ரெஸ்ட்டைச் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை துடைத்தால் போதாது. துடைத்துக் காய்ந்த பிறகு ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து ஒரு நிமிடம் காட்டுங்கள். மேல்பரப்பு மீண்டும் பளபளத்து, வெள்ளைத் துணியில் மஞ்சள் தடம் விழும். உள்ளே இருந்த எண்ணெய் மேலே வருகிறது. துணியில் தடம் விழாத வரை இதையே திரும்பச் செய்யுங்கள். லெதரில் இதற்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு நிறம் அடித்தால் முதலில் உரியப்போவது இந்த இடம்தான்.

*டிரைவர் சீட்டின் வெளிப்பக்கப் புடைப்பில் மட்டும் உரிகிறது.* ஏறி இறங்கும்போது தொடையும் பேன்ட் பாக்கெட்டும் உரசும் இடம். கோட் பிடித்திருக்கிறது, ஆனால் டாப் கோட் மெல்லியது அல்லது இல்லவே இல்லை. உரிந்த விளிம்பை 600 எண் வாட்டர் பேப்பரால் சமமாக்கி, அந்தப் புடைப்புக்கு மட்டும் நிறமும் இரண்டு டாப் கோட்டும் கொடுத்தால் போதும்.

*எல்லா இடத்திலும் உரிகிறது.* டேஷ்போர்டு பாலிஷ், அல்லது பழைய பளபளப்பை உரசி எடுக்காமல் அடித்தது. சிலிக்கான் கலந்த பாலிஷை சீட்டுக்கும் சேர்த்துப் பூசும் பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. காரைக் கொடுத்தவர் என்ன பூசினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லா இடத்திலும் உரிகிறதென்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, முழுக்க எடுத்தாக வேண்டும். முதலில் டேப்பால் வருவதையெல்லாம் எடுங்கள். மீதியை லெதரில், மேல்பூச்சை இளக்கி எடுக்கும் தோல் வேலைக்கான டீகிளேசரால் துடைத்தெடுக்கலாம். ரெக்சினில் அசிட்டோனோ பெயின்ட் கடை என்.சி. தின்னரோ வேண்டவே வேண்டாம். பி.வி.சி.யின் மேல்பரப்பு இளகி, வரிவரியாக இருக்கும் தோல் அச்சு அழிந்துவிடும். அது திரும்ப வராது. ரெக்சினுக்கு ஆல்கஹாலும் பொறுமையும்தான்.

பிறகு சுத்தம், பிறகு 600 எண் வாட்டர் பேப்பரோ சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட்டோ கொண்டு பளபளப்பு போகும்வரை லேசாக உரசல், தூசு துடைப்பு, மீண்டும் ஒரு ஆல்கஹால் துடைப்பு. ரெக்சின் என்றால் அதன் மேல் ரெக்சினுக்கான அட்ஹீஷன் பிரமோட்டர் (நிறம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) ஒரு மெல்லிய கோட். அப்புறம்தான் நிறம்.

### செதிலாக உதிர்கிறது, அடியில் துணி தெரிகிறது

இங்கே நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பி.யூ. ரெக்சினின் மேல்படலமே ஈரக்காற்றிலும் வெயிலிலும் சிதைந்து துணியை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது. கடலோர ஊர்களில் இது சீக்கிரமே வரும். எந்த நிறமும், எந்த ஃபில்லரும் (வெடிப்பை அடைக்கும் பூச்சு), எந்தப் பசையும் இதை நிறுத்தாது. ஒரு இடத்தில் தொடங்கினால் மற்ற இடங்களும் வரிசையில் நிற்கின்றன என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நேராகக் குஷன் கடைக்குப் போய்ப் புது கவர் தைப்பதுதான் வழி. நிறம் அடிக்கும் முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியும். புடைப்பில் ஒரு மடிப்பைப் பிடித்துக் கிள்ளிப் பாருங்கள். மேல்படலம் தனியாக நகர்ந்தாலோ சுருக்கம் விழுந்து மறையாமல் நின்றாலோ அந்த சீட்டுக்குச் செலவு செய்யாதீர்கள்.

### தையல் நூலில் மட்டும் உரிகிறது

நூல் நைலானோ பாலியெஸ்டரோதான், கோட்டிங் அதில் நிற்காது. ஒரே நிறமாக வேண்டுமென்றால் அந்த நிறத்தில் துணி மார்க்கர் கொண்டு நூலை மட்டும் தொட்டுவிடலாம். வேறு நிற நூல் அழகாகத் தெரிய வேண்டுமென்றால் அடிக்கும் முன் மெல்லிய மாஸ்கிங் டேப் போட்டு மூடியிருக்க வேண்டும். அடித்த பிறகு நூலைச் சுத்தம் செய்வது மெனக்கெட்ட வேலை. பல் தேய்க்கும் பிரஷில் ஆல்கஹால் தொட்டு நூல் வழியே மட்டும் தேயுங்கள், பக்கத்தில் ஒழுகவிடாதீர்கள்.

## அறிகுறி: சீட் பிசுபிசுவென்று ஒட்டுகிறது

முதலில் நாளை எண்ணுங்கள். தண்ணீர் வகைக் கோட்டிங் தொட்டால் காய்ந்தது போல ஒரு மணி நேரத்தில் தெரியும். ஆனால் முழுதாக இறுக ஒரு வாரம்வரை ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இன்னும் தாமதமாகும். அடித்து ஐந்து நாள்கூட ஆகவில்லையென்றால் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி, காற்று ஓடும் நிழலில் காரை விடுங்கள். வெயிலில் கண்ணாடியை ஏற்றி வைத்து 'வேகவைக்கும்' யோசனை நல்லதல்ல. மேலே மட்டும் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும்.

கோட் கனமா? மூலையில் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து நிற்கிறதா? ஒரே தடவையில் மூடிவிட வேண்டும் என்று தடிமனாக அடித்திருப்பார்கள். நிறம் என்பது மெல்லிய மூன்று, நான்கு கோட்டாகப் போக வேண்டியது. முதல் கோட்டில் பழைய நிறம் திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும், அதுதான் சரியான முதல் கோட். கனமான கோட்டுக்குக் காத்திருப்பதுதான் மருந்து. இரண்டு வாரத்துக்குப் பிறகும் பள்ளம் விழுந்தால் எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

டாப் கோட் போட்டீர்களா? நிறத்துக்கான கோட் இயல்பிலேயே கொஞ்சம் மென்மையானது. மேலே தெளிவான டாப் கோட் இல்லாவிட்டால் வெயிலில் நின்ற காரில் ஒட்டத்தான் செய்யும். வெயிலில் மூடிக் கிடக்கும் காரில் கறுப்பு சீட்டின் மேல்பரப்பு 60, 70 டிகிரியைத் தொடக்கூடியது. ஆல்கஹாலால் மிக லேசாகத் துடைத்து, காயவிட்டு, மெல்லிய டாப் கோட் இரண்டு கொடுத்துப் பாருங்கள். பல நேரம் இத்தோடு சரியாகிவிடும்.

பி.வி.சி. சீட்டில் எனாமல் பெயின்டா? கேட், கிரில் வேலைக்கு விற்கும் ஸ்ப்ரே பெயின்டை ரெக்சினில் அடித்தால் இப்படி ஆகும். பி.வி.சி.யை மென்மையாக வைக்க அதில் கலந்திருக்கும் எண்ணெய் மெல்ல மேலே வந்து அந்தப் பெயின்டை இறுகவிடாமல் செய்யும். நாள் போகப் போகக் குறையாமல் கூடுகிற பிசுபிசுப்பு என்றால் இதுதான். டாப் கோட் போட்டாலும் அடங்காது. முழுக்க எடுத்துவிட்டு ரெக்சினுக்கென்றே விற்கும் நிறத்தை அடிக்க வேண்டும். எடுக்கும் செலவையும் புது ரெக்சின் கவர் தைக்கும் செலவையும் குஷன் கடையில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் புது கவரே லாபம்.

## அறிகுறி: துணியில் சாயம் ஒட்டுகிறது

வெள்ளைக் காடாத் துணி இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றைக் காய்ந்தபடியே வைத்து இருபது முறை அழுத்தித் தேயுங்கள். இன்னொன்றைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதே போலத் தேயுங்கள்.

காய்ந்த துணியிலேயே நிறம் வந்தால் தவறான பொருளைப் பூசியிருக்கிறார்கள். லெதர் சாயம் என்று செருப்புக் கடைப் பொருள்கள் விற்கும் இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைந்த சாயம். அது மேல்பூச்சு இல்லாத வெறும் தோலுக்குள் இறங்கித்தான் நிற்கும். கார் சீட் லெதரில் கம்பெனியிலேயே நிறமும் மேல்பூச்சும் போட்டிருப்பதால் உள்ளே இறங்க வழியில்லை, ரெக்சினில் கேட்கவே வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சொட்டு முத்தாக நின்றால் மேல்பூச்சு உள்ள லெதர். உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் வெறும் தோல். முத்தாக நிற்கும் சீட்டுக்குச் சாயம் அல்ல, நிறக் கோட்டிங்தான் வேண்டும். பூசிய சாயத்தை ஆல்கஹால் துணியால் துணி வெள்ளையாக வரும்வரை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

காய்ந்த துணி சுத்தமாக இருந்து ஈரத்துணியில் மட்டும் நிறம் வந்தால் கதை வேறு. கோட்டிங் சரியானதுதான், ஆனால் வியர்வைக்குத் தாங்கும்படி இறுகவில்லை. தண்ணீர் வகை டாப் கோட்டில் கலக்க வேண்டிய கிராஸ்லிங்கரை (பூச்சை இறுகவைக்கும் பொருள்) விட்டிருப்பார்கள், அல்லது நேற்று கலந்து மிச்சமானதை இன்று பயன்படுத்தியிருப்பார்கள். கிராஸ்லிங்கர் கலந்த கலவையை எடுத்து வைக்க முடியாது. டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அளவும் கண் திட்டத்தில் கூடாது, சமையலறைத் தராசிலாவது நிறுத்துப் போடுங்கள். இந்த நிலையில் நிறத்தைத் தொட வேண்டியதில்லை, சரியாகக் கலந்த டாப் கோட் மட்டும் போதும்.

ஒரு எச்சரிக்கை. சில கிராஸ்லிங்கர்களில் ஐசோசயனேட் இருக்கும், சிலவற்றில் அசிரிடின். இரண்டும் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. தூசுக்குப் போடும் முகக்கவசமோ கட்டிய கைக்குட்டையோ இதைத் தடுக்காது. டப்பாவில் இந்தப் பெயர்களைப் பார்த்தால், காரின் உள்ளே குனிந்து ஸ்ப்ரே செய்யாதீர்கள். பெயின்ட் பூத்தும் சரியான மாஸ்க்கும் இருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கும். வெளிர் நிற சீட்டில் நீலத் திட்டு தெரிந்தால் அது சீட்டிலிருந்து போனதல்ல, ஜீன்ஸிலிருந்து வந்தது. சில நாட்களுக்குள் மிதமான சோப்பிலோ ஆல்கஹாலிலோ துடைத்தால் போகும், ஊறிவிட்டால் போகாது. புதிதாக நிறம் மாற்றிய வெளிர் சீட்டில் முதல் இரண்டு வாரம் புது ஜீன்ஸோடு உட்காருவதைத் தவிர்ப்பதே மேல்.

## அறிகுறி: நிறம் மற்ற சீட்டோடு பொருந்தவில்லை

நிறம் கலப்பது தனிக் கலை. ஆனால் 'பொருந்தவில்லை' என்று வரும் சீட்டுகளில் பலவற்றில் நிறம் சரியாகவே இருக்கும், பளபளப்புதான் வேறாக இருக்கும். இதை முதலில் பிரித்துவிடுங்கள். இரண்டு சீட்டையும் ஈரத்துணியால் துடைத்து, ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் பக்கமாகப் பாருங்கள்.

ஈரத்தில் ஒரே நிறமாகத் தெரிகிறது: பளபளப்பு வித்தியாசம். மேட் டாப் கோட்டில் பளபளப்பைக் குறைக்கும் வெள்ளைத் தூள் அடியில் தங்கிவிடும். அடிக்கும் முன் நிமிடக்கணக்கில் அடியோடு கிளறாவிட்டால் முதல் சீட் மினுமினுப்பாகவும், டப்பா தீரும்போது அடித்த சீட் வெளுத்தும் இருக்கும். நன்றாகக் கிளறிய மேட் டாப் கோட் ஒன்றை எல்லா சீட்டுக்கும் கொடுத்தால் சேர்ந்துவிடும். இதற்கு நிறத்தை மறுபடி கலந்து செலவு செய்வது வீண்.

நிழலில் பொருந்தி, வெயிலில் அல்லது எல்.இ.டி. வெளிச்சத்தில் வேறாகத் தெரிகிறது: அசல் நிறத்தில் இருக்கும் பிக்மென்ட் வேறு, நீங்கள் கலந்தது வேறு. இதை முழுக்கச் சரிசெய்வது கடினம். கண்ணில் அதிகம் படும் வெளிச்சம் பகல் வெளிச்சம், அதற்குப் பொருத்துங்கள். நிறம் பார்க்க ஏற்ற நேரம் காலை பத்து மணியளவில், காரை நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து.

எல்லா வெளிச்சத்திலும் கறுத்திருக்கிறது அல்லது வெளுத்திருக்கிறது: ஈரத்தில் பார்த்துக் கலந்திருப்பீர்கள். தண்ணீர் வகைக் கோட்டிங் ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல வெளிர்ந்திருக்கும், காய்ந்தால் கறுக்கும். ஒவ்வொரு கலவையையும் தடித்த வெள்ளை அட்டையில் தடவி, ஹேர் டிரையரில் காயவைத்து, மேலே டாப் கோட்டும் ஒரு கை தடவி, அந்த அட்டையை அசல் சீட்டின் மேல் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டாப் கோட் போடாத அட்டையை நம்ப வேண்டாம்.

பழைய நிறம் உள்ளிருந்து தெரிகிறது: பீஜிலிருந்து கறுப்புக்குப் போவது சுலபம். கறுப்பிலிருந்து பீஜுக்கோ சிவப்புக்கோ போவதில்தான் சிக்கல். சிவப்பு, மஞ்சள் பிக்மென்ட்டுகளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. கோட்டின் மேல் கோட்டாகப் போட்டால் மறையும் முன்பே தடிமன் கூடி வெடிக்கத் தொடங்கும். டேன், சிவப்பு போன்றவற்றுக்கு முதலில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு அடிக்கோட் கொடுத்து, அதன் மேல் நிறம் கொடுங்கள். கறுப்பு சீட்டை வெள்ளையாக்க யாராவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். முதல் கீறலிலேயே கறுப்பு எட்டிப் பார்க்கும்.

கதவுப் பலகையோடு பொருந்தவில்லை என்பது வேறு விஷயம். அது பிளாஸ்டிக்கோ வேறு ரெக்சினோ, வெளிச்சத்தை வேறு விதமாகத் திருப்புகிறது. கைப்பிடியருகே தையல் போட்ட பகுதியையும் சீட் நிறத்தில் அடித்துவிட்டால் கண் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்.

பொருத்துவதில் மூன்று முறை முயன்றும் வரவில்லையென்றால் சீட்டின் அடியிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டிக்கொண்டு, லெதர் ரிப்பேர் மட்டுமே செய்யும் ஆளிடம் போங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் விசாரித்தால் அப்படிப்பட்டவர் கிடைப்பார். பெரியமேட்டின் தோல் வியாபாரத் தெருக்களில் நிறம் வாங்கினால் கார் சீட்டின் சூட்டுக்கும் உரசலுக்கும் ஏற்றதா என்று கேட்டே வாங்குங்கள். செருப்புக்கும் பைக்கும் போதுமானது கார் சீட்டுக்குப் போதாது.

## அறிகுறி: வெடிப்பு, வரிவரியான பிளவு

போனில் கேமராவைப் பெரிதாக்கி, வெடிப்பின் உள்ளே என்ன தெரிகிறது என்று பாருங்கள். இரண்டு விரலால் வெடிப்பை லேசாக விரித்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும்.

உள்ளே பழைய நிறம் தெரிந்தால் புதிய கோட் மட்டும் வெடித்திருக்கிறது. தடிமன் அல்லது வளையாத பெயின்ட். 600 எண் தாளால் கோட்டை மெலிதாக்கி, மெல்லிய கோட்டாக மறுபடி அடிக்கலாம்.

உள்ளே நார் தெரிந்தால் லெதரே வெடித்திருக்கிறது. தளர்ந்த நாரை உரசி எடுத்து, வளையும் லெதர் ஃபில்லரைச் சவ்வு போல மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று தடவுங்கள். ஒரே அடுக்கில் நிரப்பினால் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே பிளந்துகொள்ளும். டிங்கரிங் கடையில் பாடிக்குப் போடும் பட்டி இங்கே உதவாது, அது வளையவே வளையாது.

உள்ளே துணி தெரிந்து, சுற்றியுள்ள ரெக்சினும் விறைப்பாக இருந்தால் அதில் இருந்த எண்ணெய்ப்பசை போய்விட்டது. அந்த ஒரு பேனலை மட்டும் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். பேனல் மாற்றிய பிறகு நிறம் அடித்தால் எல்லாம் ஒன்றாகிவிடும், முழு கவர் தேவையில்லை.

## அறிகுறி: அடிக்கும்போதே கோளாறு

நிறம் வட்ட வட்டமாக விலகி ஓடுகிறது. சிலிக்கான். உடனே நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்துவிட்டால் இழப்பு குறைவு. கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் சிலிக்கான் ரிமூவரை முதலில் மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, அது காயும் முன்பே வேறொரு காய்ந்த துணியால் எடுங்கள். காயவிட்டால் சிலிக்கான் அதே இடத்தில் படிந்துவிடும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். சீட் சுத்தமாக இருந்தும் குழி விழுந்தால் கம்ப்ரஸரைச் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் தாளின் மேல் வெறும் காற்றை ஒரு நிமிடம் அடித்தால் எண்ணெயோ தண்ணீரோ புள்ளியாக விழும்.

காய்ந்ததும் வெள்ளைப் பனி போலப் படர்கிறது. ஈரக்காற்று. தின்னர் வகை ஸ்ப்ரேயில் இது வரும். மழை நாளிலும் விடியற்காலையிலும் அடிக்காதீர்கள். லேசாகப் படர்ந்திருந்தால் உலர்ந்த வெயில் நாளில் அதே ஸ்ப்ரேயில் மிக மெல்லிய ஒரு கோட் கொடுத்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

துளை போட்ட சீட்டில் துளை அடைகிறது. நிறம் தடவும் ஸ்பாஞ்சில் நிறம் அதிகம். ஈரமாக இருக்கும்போதே காற்றடித்துத் துளையைத் திறந்துவிடுங்கள், காய்ந்துவிட்டால் குண்டூசியோடு உட்கார வேண்டியதுதான். சீட்டுக்குள்ளிருந்து குளிர்காற்று வரும் மாடல் என்றால் இதை வீட்டில் முயலாமல் ஸ்ப்ரே கன் வைத்திருக்கும் ஆளிடம் கொடுங்கள்.

## அறிகுறி: சத்தம், வாசனை

உட்கார்ந்து அசையும்போது கிறீச்சென்றால் இரண்டு பேனல்கள் சேரும் மடிப்பில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிப் பாருங்கள். நின்றால் பூச்சுதான் உரசுகிறது, ஒரு மாதத்தில் தானே அடங்கும். நிற்காவிட்டால் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சீட் போல்ட்டைப் பாருங்கள்.

தின்னர் வாசனை இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் அடிக்கோட்டில் ஈரம் மாட்டியிருக்கிறது. நகத்தால் அழுத்தும் சோதனை இதற்கும் பொருந்தும். வாசனை போகும்வரை குழந்தைகளை ஏற்றி ஏ.சி. போட்டு நீண்ட தூரம் போக வேண்டாம்.

## அறிகுறி: சீட்டைக் கழற்றி மாட்டிய பிறகு ஏர்பேக் விளக்கு எரிகிறது

இது நிறத்தின் கோளாறு இல்லை. ஆனால் நிறம் மாற்றக் கழற்றிய பிறகுதான் வருகிறது, இங்கே விளையாட்டும் கூடாது. சீட்டின் அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது விபத்தில் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்றும் முன் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை எடுத்து, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உங்கள் காரின் கையேடு அதைவிட அதிகம் சொன்னால் அதன்படி செய்யுங்கள். மாட்டும்போதும் பேட்டரி கடைசியில்தான்.

விளக்கு எரிந்தால் பேட்டரியை மீண்டும் எடுத்து, அதே நேரம் காத்திருந்து, மஞ்சள் கனெக்டர் 'கிளிக்' என்று முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருந்தும் எரிந்தால் கோளாறு கணினியில் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போட்டு அழித்தால்தான் போகும், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். மஞ்சள் ஒயர்களில் மல்டிமீட்டர் வைத்து அளக்கவே கூடாது, ஏர்பேக் வெடிக்கக்கூடும்.

அதே காரணத்தால், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற சின்னத் துணி லேபிள் தைத்திருந்தால் அந்தப் பக்கத் தையலின் மேல் ஃபில்லர், பசை, தடிமனான கோட் எதுவும் வேண்டாம். ஏர்பேக் விரியும்போது கிழிய வேண்டிய தையல் அது. அதை இறுக்கிவிட்டால் விபத்தில் ஏர்பேக் நேரத்துக்கு வெளியே வராமல் போகலாம். அந்தப் பேனலை மாற்றித் தைக்கச் சொன்னாலும், ஏர்பேக் சீட் தைத்துப் பழக்கமுள்ள கடைதானா, அதற்கென்று தனி நூல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுங்கள். சீட் பெல்ட் நாடாவுக்கும் எந்த நிறமும் தின்னரும் படக்கூடாது, அதன் இழை பலம் குறைந்துவிடும். வேலை தொடங்கும் முன் பெல்ட்டை முழுக்க உள்ளே சுருளவிட்டு, வெளியே தெரிவதைப் பாலிதீன் சுற்றி டேப் போட்டு மூடிவிடுங்கள்.